நீலம் மாறாத குழாய்

முப்பத்தொரு வருஷம் நான் குழந்தைகளின் மூத்திரத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கினேன். இப்படிச் சொன்னால் என் மகளுக்குப் பிடிக்காது. "உயிர்வேதியியல் ஆய்வகம்னு அழகா சொல்லேம்மா" என்பாள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவும் அந்த மாதிரி ஏதோ அழகாகச் சொல்லித்தான் சமாளித்தார். கல்யாணத்துக்குப் பிறகு விஷயம் தெரிந்ததும் என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: சமைப்பதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாயா என்று. கழுவுவேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

போன மாதம், மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த குழந்தைகள் ஆஸ்பத்திரியில் புது இயந்திரம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று இப்போது அங்கே இருக்கும் பெண்கள் கூப்பிட்டார்கள். வேளச்சேரியிலிருந்து ரயிலேறிப் போனேன். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தைத் தடித்த காகிதத்தில் பொட்டு வைத்துக் கொடுத்தால் போதும். ஏகப்பட்ட பிறவிக் கோளாறுகளை ஒரே ஓட்டத்தில் அது பார்த்துச் சொல்லிவிடுகிறது. குழந்தைக்கு உடம்பு படுத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது அப்போதே வந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மேடை என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாழ்த்திவிட்டு இறங்கினேன். டீ குடிக்கும்போது புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து, "அப்போல்லாம் கையாலேயே பண்ணுவீங்களாமே மேடம், தப்பு நடக்காதா?" என்று கேட்டாள். "நடக்கும்" என்றேன். அதற்குள் யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். மேற்கொண்டு பேச முடியவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பி.எஸ்ஸி. முடித்து, ஒரு வருஷப் பயிற்சி முடித்து, மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பயிற்சியில் கற்பதை விட, கற்றதை மறப்பதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. எங்கள் தலைவி டாக்டர் வசந்தா. நாங்கள் மேடம் என்போம். மயிலாப்பூர்க்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மற்ற ஆய்வகங்களில் முடிவு வந்தால் எழுதி அனுப்பிவிடுவார்கள். மேடத்துக்கு அது போதாது. ஒவ்வொரு மாதிரியோடும் வரும் சீட்டில் நான்கு கேள்விகளை அச்சடித்து வைத்திருந்தார். குழந்தைக்கு எத்தனை நாள், என்ன உணவு, கடைசியாக எப்போது கொடுத்தது, என்ன மருந்து. நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் பாட்டிலைத் திருப்பி அனுப்பச் சொல்வார். வார்டு நர்சுகள் எங்களைத் திட்டுவார்கள். நாங்கள் வாங்கிக்கட்டிக்கொள்வோம்.

சாப்பிடுவது உடம்பில் படிப்படியாக உடைந்து வேறு வேறு பொருளாக மாறுகிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அதில் ஒரு படி இருக்காது. அந்தப் படியில் உடைய வேண்டியது உடையாமல் தேங்கி, ரத்தத்தில் கலந்து, மூத்திரத்தில் வழியும். அதைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை. வரிசையாகக் குழாய்களை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கரைசல் சேர்ப்போம். ஒன்று பச்சையாக மாறினால் ஒரு நோய், இன்னொன்றில் மஞ்சளாகத் திரிந்தால் வேறொன்று. சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல். நல்ல நீல நிறமாக இருக்கும். அதில் ஐந்து மில்லி எடுத்து, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் அப்படியே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, நிறைய இருந்தால் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி ஆகிவிடும். அப்போதே சர்க்கரைக்கு நனைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற காகிதப் பட்டைகள் வந்துவிட்டன. அரை நிமிஷ வேலை. ஆனாலும் கைக்குழந்தை என்றால் இரண்டையும் செய்ய வேண்டும் என்பது மேடத்தின் விதி. பட்டை குளுக்கோஸை மட்டும்தான் கண்டுபிடிக்கும். பெனடிக்ட் மற்ற சர்க்கரைகளையும் காட்டிக்கொடுக்கும்.

முடிவை எழுதுவதிலும் மேடத்துக்கு ஒரு முறை உண்டு. "இல்லை" என்று எழுத விடமாட்டார். "இந்த மாதிரியில் தென்படவில்லை" என்று எழுத வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு அது வீண் நீட்டலாகப் பட்டது.

மேடத்தோடு வேலை செய்ததில் சிரித்த நாட்களும் உண்டு. தி. நகரிலிருந்து ஒரு அம்மா பத்து மாதக் குழந்தையோடும் ஒரு பை நிறையத் துணியோடும் வந்தார். குழந்தையின் துணியெல்லாம் கறுப்பாகத் திட்டுத்திட்டாகக் கறை பிடித்திருந்தது. துவைக்கிற பெண் கண்ட சோப்பைப் போட்டுப் பாழாக்கிவிட்டாள் என்று அவளை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. புதிதாக வந்தவள் துவைத்தபோதும் கறை வந்ததால்தான் டாக்டரிடம் வந்திருக்கிறார்கள். மூத்திரத்தை ஒரு குழாயில் திறந்து வைத்தோம். சாயங்காலத்துக்குள் மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டே வந்தது. கொஞ்சம் காரக் கரைசல் சேர்த்ததும் உடனே காப்பி டிகாஷன். குழந்தைப் பருவத்தில் பெரிய கெடுதல் செய்யாத, பெரியவனானபின் மூட்டுகளைக் கவனிக்க வேண்டிய ஒரு பிறவிக் கோளாறு அது. மேடம் டாக்டருக்கு எழுதிய குறிப்பின் கடைசி வரியை நான்தான் தட்டச்சு செய்தேன்: துணியின் கறைக்குச் சோப்போ துவைத்தவரோ காரணமல்ல என்பதைக் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கவும். அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா, பழைய பெண்ணை வீடு தேடிப் போய்க் கூப்பிட்டு வந்ததாகச் சொன்னார். மேடம் அன்றைக்கு முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார்.

ஸ்டெல்லாவின் குழந்தை வந்தபோது எனக்கு அங்கே பன்னிரண்டு வருஷ சர்வீஸ். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்திருந்த சமயம்.

மேடம் தங்கை பெண்ணின் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். இரண்டு நாளைக்குக் கையெழுத்துப் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் மாதிரிகள் குவிந்துவிட்டன. அவற்றில் ஒன்று, பிறந்து ஒன்பது நாளான ஆண் குழந்தையுடையது. மஞ்சள் காமாலை, வாந்தி, கல்லீரல் வீக்கம். சர்க்கரை இருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருந்தார். சீட்டில் உணவு என்ற இடத்தில் 'தாய்ப்பால்' என்று பயிற்சி டாக்டர் யாரோ கிறுக்கியிருந்தார். கடைசியாக எப்போது என்ற இடம் காலி. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை குடித்திருக்கும், இதைப் போய்க் கேட்க வேண்டுமா என்று நானே நினைத்துக்கொண்டேன். பட்டை மாறவில்லை. பெனடிக்ட் குழாயை ஐந்து நிமிஷம் கழித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நீலம் அப்படியே இருந்தது. தென்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து மாதிரி வாங்குகிற ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பிரசவித்த உடம்பு, கால் வீக்கம் கூட வடியவில்லை. கையில் 'ஸ்டெல்லாவின் குழந்தை' என்று சீட்டு ஒட்டிய மூத்திர பாட்டில். சாதாரணமாக இதை ஆயாதான் கொண்டுவருவார். வேறு ஏதோ சோதனைக்கு எடுத்தது அது. ஆயா சாப்பிடப் போனதால் தானே கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். பாட்டிலைக் கொடுத்த பிறகும் நகரவில்லை.

"அக்கா, உன்னாண்ட ஒன்னு கேக்கலாமா?" என்றாள். "எம் பால குட்ச்சாதான் புள்ள வாந்தி எடுக்குது. வந்த அன்னிக்கு பால நிறுத்திட்டு பாட்டில் தண்ணி ஏத்துனாங்க. ரெண்டு நாளு நல்லா இருந்தான், மஞ்சளு கூட கொறைஞ்சுது. மறுபடி பால் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். இப்ப கண்ணையே தொறக்க மாட்டேன்றான். வார்டுல சொன்னேன். தாய்ப்பால் போய் கெடுதல் பண்ணுமான்னு சிரிக்கிறாங்க."

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டைப் புரட்டினேன். குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதியும், நான் கையெழுத்திட்ட மாதிரியை எடுத்த நாளும் நேரமும் இருந்தன. குழந்தைக்குப் பால் நிறுத்தி ஒன்றரை நாளான பிறகு எடுத்த மாதிரி அது. பாலே போகாத உடம்பில் பால் சர்க்கரை எங்கிருந்து வரும்? அந்தக் காலி இடத்தை நிரப்பச் சொல்லி ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என் அறிக்கையைப் பார்த்துத்தான் டாக்டர் பயமில்லை என்று பாலை மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறார்.

அவள் இன்னும் அங்கேயே நின்றாள். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இதுக்கு முன்னால ரெண்டு புள்ளைங்க. ரெண்டும் மாசம் தாங்கல" என்றாள். "எம் பாலு விஷம்னு எங்க மாமியா சொல்லிகினு கீது. அது நெஜமாக்கா?"

இங்கேயே உட்கார் என்று ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காட்டிவிட்டு, அவள் கொண்டுவந்த பாட்டிலிலிருந்தே எட்டுச் சொட்டு எடுத்தேன். ஒரு சொட்டு வெளியே விழுந்தது. குழாயைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பட்டையை நனைத்தேன், மாறவில்லை. குழாய் இரண்டு நிமிஷத்திலேயே பச்சையாகி, மஞ்சளாகி, ஐந்தாவது நிமிஷம் செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. சர்க்கரை இருக்கிறது, ஆனால் குளுக்கோஸ் இல்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். ஊரிலிருந்து வந்து நாலாவது நாள் அவருக்கு. குழாயைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், நான் நீட்டிய பழைய சீட்டைப் பார்த்தார். மேடம் கோபத்தில் கத்தி நான் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். அது துடைத்து முடியும்வரை எதிரில் நிற்பது பெரிய தண்டனை. அன்றைக்குத் துடைக்கவில்லை.

"வார்டுக்குப் போன் பண்ணு. அடுத்த வேளை பால் அந்தக் குழந்தை வாயில படக்கூடாது. மத்தது அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

போன் எடுக்க ஆளில்லை. நான் படியேறி ஓடினேன். டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் பாலை நிறுத்தினார்கள், மறுபடி குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். கண் டாக்டர் வந்து பார்த்து, விழியில் ஒரு சொட்டு எண்ணெய் மிதக்கிற மாதிரி லேசாகப் புரை தொடங்கியிருக்கிறது என்றார். அதுவும் இந்த நோயின் அடையாளம்தான்.

எந்தச் சர்க்கரை என்று உறுதிப்படுத்தும் வேலையை மேடமே செய்தார். நீளமான காகிதத்தின் அடியில் குழந்தையின் மூத்திரத்தையும், பக்கத்தில் தெரிந்த சர்க்கரைகளின் கரைசலையும் சிறு சிறு பொட்டாக வைத்து, கண்ணாடித் தொட்டியில் தொங்கவிட்டோம். திரவம் காகிதத்தில் ஊறி ஏற ஏற, ஒவ்வொரு சர்க்கரையும் தன் வேகத்துக்கு ஒரு உயரம் போய் நின்றுவிடும். மறுநாள் காலையில் காகிதத்தை உலர்த்தி, மருந்து தெளித்து, அடுப்புப் பெட்டியில் சூடு காட்டினோம். பழுப்பாகப் பொட்டுகள் எழும்பின. குழந்தையின் பொட்டு, பால் சர்க்கரை உடைந்து வரும் காலக்டோஸின் பொட்டுக்கு நேராக நின்றது. மேடம் அடிக்கோலை வைத்து மூன்று தடவை அளந்தார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கலா, இதை அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி முதலில் பிடிபடவில்லை. டாக்டர் சொல்லிவிடுவாரே என்றேன்.

"உன் பால் இந்தக் குழந்தைக்கு ஆகாதுன்னு சொல்வார். அவர் சொல்றது சரிதான். ஆனா அந்த ஆத்துல ஏற்கெனவே என்ன சொல்லிண்டு இருக்கான்னு நீதானே சொன்னே. டாக்டரே சொல்லிட்டார், விஷம்தான்னு ஆயிடும்." மேடம் பதற்றத்தில்தான் வீட்டுப் பேச்சுக்கு மாறுவார். மாமியாரையும் கணவனையும் கூப்பிட்டு வைத்துத் தானே பேசுவதாகச் சொன்னார். டாக்டரும் சம்மதித்தார்.

வார்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். கணவன் அந்தோணி, கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவர், வெயிலில் காய்ந்த ஒல்லி உடம்பு. மாமியார் மேரி, பட்டினப்பாக்கத்துப் பக்கம் கூடை வைத்து மீன் விற்கிறவர். ஸ்டெல்லா சுவரோரமாகத் தனியே உட்கார்ந்திருந்தாள்.

மேடம் அவளைத்தான் முதலில் பார்த்தார். "உன் பால்ல ஒரு குறையும் இல்லம்மா. வேற எந்தக் குழந்தை குடிச்சாலும் நன்னா வளரும்" என்றார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடைவெளி விட்டுச் சொன்னார். எல்லாப் பாலிலும் ஒரு சர்க்கரை இருக்கிறது. மனித உடம்பில் அதை உடைக்க ஒரு பொருள் சுரக்கும். இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே அது இல்லை. அம்மா பால், பசும்பால், ஆட்டுப்பால், டப்பாப் பால் எது கொடுத்தாலும் அவனுக்கு இப்படித்தான் ஆகும். அந்தக் குறை பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வந்து சேர்ந்தது. இரண்டு பேருக்கும் தெரியாது, இரண்டு பேர் மேலும் தப்பில்லை. சோயா மாவில் செய்த உணவு இருக்கிறது, அதைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான்.

அந்தோணி தலையை மட்டும் ஆட்டினார். மேரியம்மா வெகுநேரம் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பசும்பாலும் ஆவாதா?" என்று கேட்டார்.

"ஆகாது."

"மொத புள்ள போனப்பறம், ரெண்டாவதுக்கு நான் இவ பால குடுக்க வுடல டாக்டரம்மா. என் கையால பாலாடைல பசும்பால்தான் ஊத்துனேன். பதினேழு நாளு."

முதல் இரண்டுக்கும் இதே நோய்தானா என்று அந்தோணி கேட்டார். சோதித்துப் பார்க்க இப்போது எதுவும் இல்லை, இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்லத் தனக்குத் தெரியாது என்றார் மேடம். அந்த இடத்தில் ஆறுதலுக்காகக் கூட அவர் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. மேரியம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் நான் வார்டுக்குப் போனபோது ஸ்டெல்லா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது, காய்ச்சல் வேறு. குழந்தை பக்கத்திலேயே அழும்போது பால் தானாகப் பெருகி ரவிக்கை நனைந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேரியம்மா திரையை இழுத்து விட்டுவிட்டு ஒரு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரம். தலைக்கு வைக்க வாங்கியதல்ல. மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று சொல்வார்கள். மருமகளை உட்கார வைத்து, வலிக்காமல் கையைத் தூக்கி, பூவைப் பரப்பி, பழைய வேட்டித் துணியால் சுற்றி அவரே கட்டினார். கட்டி முடித்ததும் ஸ்டெல்லாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

ஆனால் எனக்குப் பாக்கி இருந்தது. மேடம் என் பிழையை எழுத்தில் மேலிடத்துக்குத் தெரிவித்தார். எனக்கு மெமோ வந்தது, நியாயம்தான். அவளிடம் சொல்ல வேண்டுமா என்று மேடத்தைக் கேட்டேன். "அதை நான் சொல்ல முடியாது, நீதான் முடிவு பண்ணணும்" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டு நாளும் வீட்டில் என் மகள் பால் டம்ளரைத் தூக்கினால் கூட நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். "முதல்ல உன் குழந்தைக்குப் பார்த்தது நான்தான். விசாரிக்காம நல்லா இருக்குன்னு எழுதிட்டேன். அதனாலதான் மறுபடி பால் குடுக்கச் சொன்னாங்க. அந்த நாலு நாளும் அவன் பட்டதுக்கு நான்தான் காரணம்."

ஸ்டெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் மஞ்சள் வெளுத்திருந்தது.

"நீ சொல்லாங்காட்டி எனக்கு தெரிஞ்சிருக்கவே இருக்காது" என்றாள்.

"ஆமா."

அவள் நெடுநேரம் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கோபப்பட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது. கடைசியில், "வார்டுல நான் சொன்னத ஒர்த்தரும் காதுல வாங்கல, நீ கேட்டியே, அது போதும்" என்றாள். கொஞ்சம் விட்டு, "அந்த சோயா மாவ எப்டி கரைக்கறதுன்னு இன்னொரு வாட்டி காட்றியா? நர்சம்மா வேகமா சொல்லிட்டு போய்ட்டாங்க" என்றாள். வெந்நீரை ஆறவைத்து, கட்டி விழாமல் கரைத்துக் காட்டினேன். அவள் ஒரு தடவை கரைத்தாள். நான் பார்த்துச் சரி என்றேன்.

அன்றிலிருந்து காலி இடம் உள்ள சீட்டைப் பற்றி நான் போன் செய்து கூடக் கேட்டதில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே வார்டுக்குப் போய்த் தாயைப் பார்த்துக் கேட்டுவிட்டு வருவேன். எனக்குக் கீழே வேலை செய்த பெண்கள் இதைக் கேலி செய்தார்கள். செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழந்தைக்கு ஜெரோம் என்று பெயர் வைத்தார்கள். கண்ணில் தொடங்கிய புரை தானாக விலகியது. மேடம் என்னென்ன கொடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் எழுதித் தந்தார். பால், தயிர், நெய், பால் ஸ்வீட், பால் சர்க்கரை சேர்த்த மாத்திரை கூட. மேரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பட்டியல் மனப்பாடம். சர்ச்சில் பூசைக்குப் போன இடத்தில் யாரோ பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தார்கள் என்று சண்டை போட்டு வந்த கதையை ஜன்னலில் நின்று என்னிடம் சொல்வார். ஜெரோம் நடந்தது தாமதம், பேச்சு அதைவிடத் தாமதம். மூன்று வயதில் நாலைந்து வார்த்தைதான். இந்த நோயில் சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும். அதில் அந்த நான்கு நாட்களுக்குப் பங்கு உண்டா என்று மேடத்திடம் ஒருமுறை கேட்டேன். தெரியவில்லை என்றார். எனக்கு இன்றும் தெரியாது.

அவனுக்கு நாலு வயதாகும்போது ஸ்டெல்லா மறுபடி உண்டானாள். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இந்தக் குழந்தைக்கும் இருக்கலாம் என்று மேடம் ஒளிக்காமல் சொன்னார். இந்த முறை மூத்திரத்துக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்றும் சொன்னார். பாலை உடைக்கிற அந்தப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கான மருந்துகளை மூன்று மாதம் முன்பே எழுதிப் போட்டு வரவழைத்து உறைபெட்டியில் வைத்தார். எங்கள் ரத்தத்தையே எடுத்து நாலைந்து முறை செய்து பழகினோம்.

பெண் குழந்தை பிறந்தது, வேறொரு பிரசவ ஆஸ்பத்திரியில். தொப்புள் கொடி ரத்தத்தைக் குழாயில் பிடித்து, ஐஸ் வைத்த டப்பாவில் போட்டு அந்தோணி காலை பத்து மணிக்குக் கொண்டுவந்தார். முடிவு தெரியும்வரை குழந்தைக்குச் சோயாக் கரைசல்தான். ஜெரோமையும் கூட்டி வந்திருந்தார். அவனிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்தோம். அழவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று சிறு குழாய்கள். ஒன்றில் என் ரத்தம், நோய் இல்லாதது எப்படி இருக்கும் என்று காட்ட. ஒன்றில் ஜெரோமுடையது, நோய் இருந்தால் எப்படி என்று காட்ட. மூன்றாவது அவன் தங்கையுடையது. மருந்து சேர்த்து, உடம்புச் சூட்டில் வைத்து, தொடக்கத்தில் ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டுக் காகிதத்தில் வைத்தோம். அந்தப் பொருள் இருந்தால் புறஊதா விளக்கின் கீழே பொட்டு ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டாகவே கிடக்கும்.

ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிய அறைக்குள் போய் விளக்கைப் போட்டோம். பார்த்ததைத் தனித்தனியாக எழுதிய பிறகுதான் பேச வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். என்னுடைய பொட்டு நீலவெள்ளையாகப் பளிச்சென்றது. ஜெரோமுடையது இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் இருட்டு. மூன்றாவதைக் குனிந்து பார்த்தேன். ஒளிர்ந்தது. என்னுடையதை விடக் கொஞ்சம் மங்கல், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. எழுதிக் கொடுத்தேன். மேடமும் தன் தாளை நீட்டினார். இரண்டும் ஒன்றுதான்.

"அந்தப் பொருள்ல பாதி இல்லாம இருக்கலாம். பாதி போதும், குழந்தைக்கு ஒன்னும் ஆகாது" என்றார். அறிக்கையில் முதல் கையெழுத்தை என்னைப் போடச் சொன்னார். நான் தயங்கினேன். பேனாவை என் கையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

போனில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அந்தோணியையும் ஜெரோமையும் ஏற்றிக்கொண்டு நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். ஸ்டெல்லா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

"உன் பாலையே குடு" என்றேன். "இவளுக்கு ஒன்னும் இல்ல."

அவளுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையசைத்தார். மேரியம்மா திரையை இழுத்தார். நாங்கள் இருவரும் வெளியே போகத் திரும்பியபோது, "இரு அக்கா" என்றாள். நின்றோம். காலையிலிருந்து பாலாடையில் பழகிய குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் தடவையும் திருப்பிக்கொண்டது. மேரியம்மா குனிந்து, குழந்தையின் பிடரியை ஒரு கையால் தாங்கி, வாயைக் காம்புக்கு நேராக வைத்துப் பிடித்தார். கவ்விக்கொண்டது. குழந்தை விழுங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஸ்டெல்லா குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. கண்ணீர் குழந்தையின் நெற்றியில் விழ விழ மேரியம்மா துடைத்துக்கொண்டிருந்தார். வார்டுகளில் எப்போதும் நின்றே பேசிவிட்டு வரும் மேடம், அங்கே கிடந்த இரும்பு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழந்தை குடித்து முடித்துத் தூங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

வேலை நேரத்தில் வெளியே போய்வந்தால் ஒரு பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். மேடம் எங்கள் இருவர் பெயரையும் எழுதி, காரணம் என்ற இடத்தில், "பால் குடித்து முடிக்கும்வரை இருந்தோம்" என்று எழுதினார்.